விலை கொடுத்த பிறகு

அவைத்தலைவர் அவர்களே, ஓவியக் கல்லூரி மாணவ மாணவியரே, நாள் முழுக்க உழைத்த களைப்போடு இந்த மாலையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களை அருங்காட்சியகங்கள் அண்மைக் காலத்தில் வாங்கியது பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இப்படி ஓர் ஓவியம் விலைக்கு வாங்கப்படும்போது செய்தித்தாளில் வரும் தலைப்பைக் கவனித்திருப்பீர்கள். முதலில் தொகை இருக்கும். அதன்பிறகு ஓவியரின் பெயர். மறுநாள் அந்தச் செய்தி பழசாகிவிடும். எனக்கு முக்கியம் அந்த மறுநாள்தான். பணம் கட்டியாயிற்று, ஓவியம் வண்டியில் வந்து இறங்கிவிட்டது, இனி அது ஊர்ச்சொத்து. அதை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யப் போகிறது? நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் கிழக்கு யார்க்‌ஷயர் பகுதியில் பாக்லிங்டன் என்று ஒரு சிற்றூர். காய்ச்சல், இருமல், இரத்த அழுத்தம் என்று ஊர்மக்கள் போகும் மருத்துவ நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு அங்கே மருத்துவரைப் பார்க்கப் போனவர்கள் 400 ஆண்டுப் பழமையான ஓர் இத்தாலிய ஓவியத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அச்சுப்படி என்று நினைக்காதீர்கள், அசல். லண்டன் நேஷனல் கேலரி அதற்கு முந்தைய ஆண்டுதான் 36 லட்சம் பவுண்டு கொடுத்து அதை வாங்கியிருந்தது. அதே ஓவியம் கிளாஸ்கோவில் பெண்களுக்கான ஒரு நூலகத்துக்குப் போனது. நியூகாசிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது. சர்ரே பகுதியில் பெண்கள் அடைக்கப்பட்டிருக்கும் சிறைச்சாலைக்குள்ளும் போனது.

இதை முதன்முதலில் படித்த அன்று நான் நாளிதழை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓவியம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். கண்காட்சிக்கூடத்தின் வாசல்படி ஏறவே கூச்சப்படும் மாணவர்களை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். 'நமக்கெல்லாம் இது எதற்கு சார்' என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. வாசல்படி ஏற முடியாதவர்களைத் தேடி ஓவியமே படி இறங்கி வந்தது என்றால், அதை எப்படி எளிதாகக் கடந்து போவது?

அந்த ஓவியத்தைப் பற்றிச் சொல்கிறேன். படத்தைக் கடைசியில்தான் திரையில் காட்டப் போகிறேன். முன்னாலேயே காட்டிவிட்டால் அந்தப் பெண்ணின் கண்கள் உங்களை விடாது, நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

தீட்டியவர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி. 1593இல் ரோமில் பிறந்தவர். தந்தை ஒராசியோவும் பேர்பெற்ற ஓவியர், மகளுக்கு அவர்தான் குரு. ஓவியம் 1615க்கும் 1617க்கும் இடையில் தீட்டப்பட்டது. பெரிய ஓவியம் என்று எண்ணிவிட வேண்டாம், ஏறத்தாழ ஒன்றரை முழச் சதுரம். அலெக்சாந்திரியா நகர்ப் புனித கேத்தரின் வேடத்தில் ஆர்ட்டெமீசியா தன்னையே தீட்டிக்கொண்டிருக்கிறார்.

கேத்தரினின் கதை இங்குள்ள கிறிஸ்தவ அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அரசகுலத்துப் பெண், கல்வியில் கரைகண்டவர். பேரரசன் மாக்சென்டியஸ் அனுப்பிய 50 அறிஞர்களோடு வாதிட்டு வென்றார் என்பது மரபு. வாதத்தில் தோற்றவன் சும்மா இருப்பானா? இரும்பு முட்கள் பதித்த சக்கரத்தில் கட்டிக் கொல்லச் சொன்னான். அவர் மேல் படுமுன் சக்கரம் உடைந்து சிதறியது. பிறகு தலையை வெட்டினார்கள். நம் ஊர் மாதாகோயில்களில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் சுரூபங்கள் கையில் குருத்தோலையோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஓவியத்திலும் கேத்தரின் கையில் அது இருக்கிறது. இன்னொரு கைக்கு அடியில் உடைந்த சக்கரம்.

இப்போது 1612க்குப் போவோம். அகோஸ்தினோ தாஸி என்ற ஓவியன் ஒராசியோவோடு சேர்ந்து வேலை செய்தவன், அந்த வீட்டுக்குள் வந்து போகும் உரிமை பெற்றவன். 1611இல் அவன் ஆர்ட்டெமீசியாவை வன்புணர்ந்தான். மணந்துகொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து இழுத்தடித்தான். மறு ஆண்டு தந்தை வழக்குத் தொடுத்தார். மாதக்கணக்கில் நடந்த அந்த வழக்கின் பதிவேடு இன்றும் ரோமில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

சாட்சி சொல்பவர் சொல்வது மெய்தானா என்று சோதிக்க அந்த நீதிமன்றத்துக்கு ஒரு வழி இருந்தது. விரல்களைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்கி இறுக்குவார்கள். அன்று அவர்கள் கயிறு கட்டியது தாஸியின் விரல்களில் இல்லை. முறையிட்ட பெண்ணின் விரல்களில் கட்டினார்கள். வயது 18. தூரிகை பிடித்துப் பிழைக்க வேண்டிய விரல்கள். கயிறு இறுக இறுக, 'உண்மை, உண்மை, உண்மை' என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எதிரில் நின்ற தாஸியைப் பார்த்து, 'நீ எனக்குப் போடும் மோதிரம் இதுதானா, நீ கொடுத்த வாக்கெல்லாம் இதுதானா' என்ற பொருள்பட ஒரு சொல் சொன்னார். எழுத்தர் அதையும் எழுதி வைத்திருக்கிறார். இத்தனை ஆண்டு கழித்தும் அந்த வரியைப் படிக்கும்போது என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன.

தாஸிக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவன் அதை முறையாக அனுபவிக்கவில்லை. ஆர்ட்டெமீசியாவுக்குத் திருமணம் முடித்து வைத்தார்கள், அவர் பிளாரன்சுக்குக் குடிபோனார்.

மாணவர்களே, இங்கே ஒரு வார்த்தை. இந்த வழக்கோடு ஆர்ட்டெமீசியாவின் கதையை முடித்துக்கொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தாஸி அவர் வாழ்க்கையில் ஓர் ஆண்டு. ஓவியம் அவர் வாழ்க்கையில் நாற்பது ஆண்டுக்கு மேல். பிளாரன்சில் 1616ஆம் ஆண்டு ஓவியர்களின் கலைக்கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். அந்தக் கழகம் தொடங்கிய நாள் முதல் உள்ளே விடப்பட்ட முதல் பெண் அவர்தான். எழுதப் படிக்கவே பெரும்பாலும் அந்த ஊரில்தான் கற்றுக்கொண்டார். வரிசையாகக் குழந்தைகள் பிறந்தார்கள், அவர்களில் பலர் இறந்தார்கள். இடையிடையே வேலை நிற்கவில்லை. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத் தீட்டினால் மாதிரிக்கு உட்காருபவருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. அதோடு, 'ஓவியம் தீட்டும் அந்தப் பெண்' என்று அவர் முகத்துக்கே ஊரில் ஒரு மதிப்பு உண்டாகியிருந்தது. அதே முகம் கையில் லூட் வாத்தியத்தோடு இருக்கும் ஓவியம் இப்போது அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்ட் நகரில் இருக்கிறது. அதே முகத்தோடு இன்னொரு கேத்தரின் பிளாரன்சின் உஃபிட்சிக் கூடத்தில் இருக்கிறார்.

சரி, லண்டன் ஓவியத்தில் கைகள் என்ன செய்கின்றன? இடக்கை உடைந்த சக்கரத்தின் மேல் படிந்திருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது தூணில் கை வைப்போமே, அத்தனை இயல்பாக. முட்கள் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வலக்கை மார்புக்கு அருகில் இருக்கிறது. குருத்தோலையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரலுக்கும் இடையில் மெல்லப் பிடித்திருக்கிறது. தூரிகை பிடித்துப் பழகியவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். நான் லண்டனில் அந்த ஓவியத்தின் முன் நின்றபோது முதலில் முகத்தைத்தான் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் அந்த விரல்கள் கண்ணில் பட்டன. அதற்குமேல் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

இந்த ஓவியம் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தது. 2017 டிசம்பரில் பாரிசின் ட்ரூவோ ஏலக்கூடத்துக்கு வந்தது. எதிர்பார்த்த விலையைப் போலப் பல மடங்கு ஏறி, ஏலக்கட்டணத்தோடு சேர்த்து ஏறத்தாழ 24 லட்சம் யூரோவுக்குப் போனது. வாங்கியவர்கள் வணிகர்கள். ஏழு மாதம் கழித்து அவர்களிடமிருந்து நேஷனல் கேலரி 36 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 'ஏலத்திலேயே எடுத்திருந்தால் மிச்சமாகியிருக்குமே' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படிக் கேட்டவன்தான். ஏலத்தில் கையைத் தூக்க வணிகருக்கு ஒரு நொடி போதும். பொது நிறுவனம் அப்படிச் செய்ய முடியாது. ஓவியத்தை வரவழைத்து ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும், இடைப்பட்ட காலத்தில் யார் யார் கையில் இருந்தது என்று விசாரிக்க வேண்டும், அறங்காவலர்கள் கூடி இசைவு தர வேண்டும், நன்கொடையாளர்களிடம் போய்ப் பணம் கேட்க வேண்டும். பிறர் பணத்தில் வாங்குகிறவர்கள் அவசரப்படாமல் இருப்பதே முறை. அந்த நிதானத்துக்கும் ஒரு விலை உண்டு.

வாங்கியபோது நேஷனல் கேலரியில் 2,300க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருந்தன. பெண்கள் தீட்டியவை சுமார் இருபது. ஆர்ட்டெமீசியாவின் ஓவியம் அதுவரை ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் 1630களின் இறுதியில் அவரே லண்டனுக்கு வந்து, முதலாம் சார்லஸ் மன்னரின் அரண்மனைக்காக வேலை செய்துகொண்டிருந்த தந்தையோடு இருந்தவர். அவர் நடமாடிய ஊரின் பொதுக்கூடத்துக்குள் அவர் ஓவியம் நுழைய 2018 வரை ஆயிற்று.

வாங்கியதும் பழைய வார்னிஷை நீக்கிச் செப்பனிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டே ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். நான் வியப்பது இந்தத் துணிச்சலைத்தான். 400 ஆண்டுக் கித்தானுக்கு ஈரம் பகை, வெயில் பகை, வண்டியின் குலுக்கலும் பகை. பத்திரமாகச் சுவரில் மாட்டி, முன்னால் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்துவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு சிறைச்சாலையின் கதவைத் தட்டினார்கள். விரல்களில் கயிறு கட்டப்பட்ட ஒரு பெண் தீட்டிய ஓவியம் சிறையிலிருக்கும் பெண்களின் நடுவில் போய் நிற்பதற்கு, பொருத்தம் என்ற சொல் மிகவும் சிறியது.

லண்டன் நேஷனல் கேலரிக்கு இப்படி ஒரு பழைய முன்கதையும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலம். லண்டன் மேல் குண்டு விழுகிறது. ஓவியங்களை எல்லாம் வடக்கு வேல்ஸில் மனோட் என்ற இடத்தில், மலையைக் குடைந்த கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். லண்டனில் மிஞ்சியவை வெறும் சுவர்கள். அந்த நேரத்தில், 1941இல், 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டிய ஓர் உருவப்படத்தைக் கூடம் வாங்கியது. மார்கரெத்தா டெ கீர் என்ற முதிய பெண்மணி. இளைஞர்கள் எப்போதோ கைவிட்ட பழைய பாணி வெள்ளைக் கழுத்துப்பட்டை, சோர்ந்த கண்கள்.

1942 ஜனவரியில் தி டைம்ஸ் நாளிதழில் ஒருவர் கடிதம் எழுதினார். லண்டனின் முகம் முழுக்கக் காயமும் தழும்புமாகக் கிடக்கும் இந்த நாளில்தான் அழகான ஒன்றைப் பார்க்க ஏங்குகிறோம், புதிதாக வாங்கிய அந்த ரெம்பிராண்டை எங்களுக்குக் காட்டக் கூடாதா என்பது அதன் சாரம். காட்டினார்கள். மக்கள் வந்தார்கள். அந்த ஆர்வத்தைப் பார்த்து, மாதத்துக்கு ஓர் ஓவியம் என்று சுரங்கத்திலிருந்து எடுத்து வந்து வைக்கத் தொடங்கினார்கள். அப்போது இயக்குநராக இருந்தவர் கென்னத் கிளார்க். ஆயிரக்கணக்கான ஓவியங்கள் இருக்கும் கூடத்தில் ஒரே ஓர் ஓவியம், அதைச் சுற்றிப் பகல் உணவு நேரத்தில் வந்து நிற்கும் அலுவலகக்காரர்கள், தாதியர், சீருடை வீரர்கள். ஓர் ஓவியம் தனியாக இருந்தால் மனிதன் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறான் என்பதை நாம் அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி ஆம்ஸ்டர்டாம் போகலாம். இந்தக் கதை கொஞ்சம் நீளம், கொஞ்சம் கசப்பும்கூட.

2016 பிப்ரவரியில் பிரான்சும் நெதர்லாந்தும் கூடி 16 கோடி யூரோ கொடுத்து இரண்டு ஓவியங்களை வாங்கின. ஆளுக்கு 8 கோடி. 1634இல் ரெம்பிராண்ட் தீட்டிய கணவன் மனைவி உருவப்படங்கள். மார்ட்டன் சோல்மான்ஸ், ஓப்யன் கோப்பிட். முந்தைய ஆண்டுதான் அவர்களுக்குத் திருமணம் ஆகியிருந்தது. ஒவ்வொரு கித்தானும் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். உச்சி முதல் பாதம் வரை ஆளுயரத்தில் நிற்கும் ஜோடியை ரெம்பிராண்ட் வேறெங்கும் தீட்டவில்லை.

1877இல் ஆம்ஸ்டர்டாமின் ஒரு குடும்பத்திடமிருந்து பாரிசின் ரோத்சைல்டு என்ற வங்கியாளர் குடும்பத்துக்கு இவை கைமாறின. அதன்பிறகு 2016 வரை, இடையில் 1956இல் நடந்த கண்காட்சியைத் தவிர, பொதுமக்கள் கண்ணில் படவில்லை. விற்பனைக்கு வந்தபோது இரண்டு நாடுகளும் போட்டியிட்டன, கடைசியில் பேசித் தீர்த்துக்கொண்டன. மார்ட்டன் நெதர்லாந்துக்குச் சொந்தம், ஓப்யன் பிரான்சுக்குச் சொந்தம். ஆனால் இருவரையும் ஒருநாளும் தனித்தனியாக மாட்டக் கூடாது. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் சில காலம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் சில காலம் என்று எப்போதும் ஜோடியாகவே போய் வர வேண்டும். இரண்டு அரசுகள் கையெழுத்திட்டுக் காப்பாற்றும் ஒரு திருமணம்.

ரைக்ஸ்மியூசியத்தில் செப்பனிடும் வேலை நடந்தது. மஞ்சளித்துப்போன வார்னிஷ் போனதும் கறுப்பு உடைகள் மறுபடி உயிர்பெற்றன. இருவரும் அணிந்திருப்பது கறுப்புதான், ஆனால் ஒரே கறுப்பா? பட்டின் பளபளப்பில் ஒரு கறுப்பு, மடிப்பின் பள்ளத்தில் ஒரு கறுப்பு, ஓப்யன் கையிலிருக்கும் இறகு விசிறியில் புகை போல ஒரு கறுப்பு. மார்ட்டனின் கழுத்திலும் முழங்காலிலும் வெள்ளை லேஸ். தள்ளி நின்றால் ஒவ்வொரு இழையும் எண்ணிவிடலாம் போலிருக்கும். நெருங்கிப் போனால் இழையே இல்லை, வெள்ளைச் சாயத்தின் திட்டுகளும் நடுவில் கறுப்புத் தொடுகைகளும்தான். ஓப்யனின் நெற்றிப்பொட்டில் ஒரு சிறு கறுப்புப் பொட்டு. வெல்வெட் துணியில் வெட்டி ஒட்டிக்கொள்வது அன்றைய நாகரிகம், முகத்தின் வெண்மையை எடுத்துக்காட்டுவதற்காக. நம் வீட்டுப் பெண்கள் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைப்பார்களே, அந்த நினைவுதான் எனக்கு வந்தது. சட்டென்று அந்த ஆளுயரச் சீமாட்டி பக்கத்து வீட்டுப் பெண்ணாகிவிட்டாள்.

இத்தனை பட்டும் லேஸும் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

மார்ட்டனின் தந்தை யான் சோல்மான்ஸ் ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து பிழைக்க வந்த அகதி. ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை ஆலை நடத்தினார். பெரிய கொப்பரைகளில் கச்சாச் சர்க்கரையைக் காய்ச்சி வெளுக்கும் ஆலை. அதற்குப் பெயர், நம் ஊர்க் கத்தோலிக்கர் வழங்கும் சொல்லில் சொன்னால், உத்தரிக்கிற ஸ்தலம். நெருப்பில் வெந்து தூய்மையாகும் இடம் அல்லவா? சர்க்கரை வெந்தது ஆம்ஸ்டர்டாமில். அதற்கு முன் பிரேசிலில் கரும்பு வெட்டியவர்களும், அதைச் செக்கில் கொடுத்துப் பிழிந்தவர்களும், அந்த வெக்கையில் வெந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கட்டி இழுத்து வரப்பட்ட அடிமைகள். அவர்களுடைய உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு வெளிவாசல் இல்லை.

மார்ட்டன் 1641இல் இறந்துபோனார். ஆறு ஆண்டு கழித்து ஓப்யன் மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கணவர் பெயரும் மார்ட்டன்தான், மார்ட்டன் டாய். ஓவியங்கள் அந்தக் குடும்ப வழியில் இறங்கி வந்ததால், பின்னால் வந்தவர்கள் படத்தில் இருப்பது டாயும் அவர் மனைவியும் என்றே நம்பிவிட்டார்கள். 1956இல் ஆவணங்களைத் துருவியபோதுதான் முதல் கணவரின் பெயர் மீண்டது.

அந்த டாய், ஓப்யனை மணப்பதற்கு முன் பிரேசிலில் டச்சுப் படையில் இருந்தவர். அங்கே பிரான்சிஸ்கா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணைத் தன் வீட்டில் பிடித்து வைத்து வன்புணர்ந்தார். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, பெயர் எலுனாம். அன்றைய திருச்சபைப் பதிவொன்றில் இந்தச் செய்தி கிடக்கிறது.

2021இல் ரைக்ஸ்மியூசியம் அடிமைத்தனம் பற்றி ஒரு பெருங்கண்காட்சி நடத்தியது. நெதர்லாந்து மன்னரே திறந்து வைத்தார். பத்து மனிதர்களின் வாழ்க்கை வழியாக அந்தக் கொடுமையைச் சொல்வது ஏற்பாடு. தப்பி ஓடியவர்கள், எதிர்த்து நின்றவர்கள் என்று அந்தப் பத்துப் பேரில், அடிமை உழைப்பின் பலனில் வாழ்ந்தவராக ஓப்யனையும் சேர்த்தார்கள். ஐந்தே ஆண்டுக்கு முன் 16 கோடி கொடுத்து, கொடியசைத்து வரவேற்ற அதே ஓவியத்தின் பக்கத்தில் சர்க்கரையின் கதையைச் சொன்னார்கள், பிரான்சிஸ்காவின் பெயரைச் சொன்னார்கள்.

நினைத்துப் பாருங்கள். தனியார் மாளிகையின் சுவரில் அந்த ஓவியம் இருந்தவரை இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கு உரிமை இருந்தது? விருந்துக்குப் போன வீட்டில் சொத்து எப்படி வந்தது என்று விசாரிக்க முடியுமா? ஊர்ச்சொத்தான பிறகுதான் ஊருக்குக் கேட்கும் உரிமை வந்தது. ஓவியத்தின் அழகு அதனால் ஒரு மாற்றும் குறையவில்லை. ரெம்பிராண்டின் கறுப்புகள் அப்படியே இருக்கின்றன. இன்னும் சொன்னால், அந்த இருட்டுக்குள் யாரோ நிற்பது போல எனக்கு இப்போது படுகிறது. பிரான்சிஸ்காவை யாரும் ஓவியமாகத் தீட்டவில்லை. ஓப்யனின் படத்துக்கு எதிரில் நிற்கும்போது நினைத்துக்கொள்ள அவள் பெயர் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

நமக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றலாம். அதே நூற்றாண்டில், அதே டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டைகளோடு மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சத்திலும் போரிலும் வழியற்றுப்போனவர்கள், இன்று ஜகார்த்தா என்று வழங்கும் பத்தாவியாவுக்கு அடிமைகளாகப் போனார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் செதுக்கு வேலைப்பாடோடு இன்றும் நிற்கின்றன. கப்பலேறியவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

மூன்றாவது ஓவியத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1636இல் ரெம்பிராண்ட் தன்னையே மாதிரியாக வைத்துத் தீட்டிய கொடி ஏந்தும் வீரன். இடுப்பில் கை, தோளில் பெரிய கொடி, பழங்கால உடை. படையின் முன்வரிசையில் கொடியோடு நிற்பவன் எதிரியின் முதல் இலக்கு, அதனால் மணமாகாதவனையே அந்த வேலைக்கு வைப்பது வழக்கம். இதுவும் ரோத்சைல்டு குடும்பத்தின் ஓவியம்தான். 2019இல் பிரான்ஸ் இதைத் தேசியச் செல்வம் என்று அறிவித்து வெளியே போகாமல் தடுத்தது. அந்த நாட்டுச் சட்டப்படி, தடுத்தால் 30 மாதத்துக்குள் அரசு விலையைத் திரட்ட வேண்டும். திரட்ட முடியவில்லை. 2021 டிசம்பரில் நெதர்லாந்து முன்வந்தது. விலை 17.5 கோடி யூரோ. அதில் 15 கோடி அரசுப் பணம், மிச்சத்தை ரெம்பிராண்ட் பெயரில் இயங்கும் கலை ஆர்வலர் சங்கமும் அருங்காட்சியகத்தின் நிதியமும் போட்டன.

நாடு முழுக்கப் பெருந்தொற்றில் அடங்கிக் கிடந்த நேரம். அரங்குகள் மூடப்பட்டு, வாழும் கலைஞர்கள் வாடகைக்குத் திண்டாடிய நேரம். இறந்துபோன ஓர் ஓவியருக்கு 15 கோடி, இருக்கிறவர்களுக்கு என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. நான் அதற்குப் பதில் வைத்துக்கொண்டு வரவில்லை. எங்கள் மாணவர்களில் சாயம் வாங்கக் காசில்லாமல் படிப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முகத்தை வைத்துக்கொண்டு 15 கோடி சரிதான் என்று என்னால் மேடையில் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன். வாங்கிய பிறகு அந்த ஓவியத்தைத் தலைநகரிலேயே வைத்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்தின் 12 மாகாணங்களுக்கும் எடுத்துப் போனார்கள். யார் வரிப்பணத்தில் வாங்கினோமோ அவர்கள் ஊருக்கே போய்க் காட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. கேட்டவர்களின் முகத்தில் கதவைச் சாத்தாமல் இருந்தார்கள், அந்த அளவுக்கு மரியாதை.

நேரம் ஆகிவிட்டது. ஆர்ட்டெமீசியாவின் படத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். திரை இயக்கும் தம்பியிடம் மூன்று படங்கள் கொடுத்திருக்கிறேன். முதலில் சக்கரத்தின் மேலிருக்கும் கை மட்டும் வரும், பிறகு குருத்தோலை பிடித்த விரல்கள், அதற்கும் பிறகுதான் முழு ஓவியம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் விடுங்கள் தம்பி, நான் நடுவில் பேசமாட்டேன். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து முன்னால் வரலாம், தரையில் உட்கார்ந்தாலும் தவறில்லை. கதவோரத்தில் நிற்கும் பணியாளர் அம்மா, நீங்களும் உள்ளே வாருங்கள். விளக்கை அணைத்துவிடலாம்.